ஹார்ட் டிஸ்க் நலமும் சூடும் பார்க்க எந்த சாஃப்ட்வேர்? கோத்தகிரிக் குளிரிலிருந்து ஒரு விமர்சனம்

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் வைத்திருந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைப் போட்டு, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே அதுவும் எழுந்து மூலையில் உட்கார்ந்திருக்கும்படி செய்துவிடுங்கள். மெஷின் திணறுகிறது, தானாக அணைகிறது, ஃபேன் கத்துகிறது என்று சந்தேகம் வந்தால் மட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து பாருங்கள். நிறைய டிஸ்க் வைத்துக்கொண்டு அதை நம்பித்தான் பிழைப்பு என்றால் காசு கொடுத்து ஹார்ட் டிஸ்க் சென்டினல். லினக்ஸ்காரர்களுக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ். இனி எழுதுவதெல்லாம் ஏன் இந்த வரிசை என்பதற்காகவும், மலை மேல் உட்கார்ந்து பார்க்கும்போது இந்த வரிசை ஏன் சமவெளிக்காரர்கள் சொல்வதிலிருந்து கொஞ்சம் மாறுகிறது என்பதற்காகவும்தான்.

எனக்குத் தொழில் கோத்தகிரியில் ஆல்பம் டிசைன். படுகர் கல்யாணம், சர்ச் கல்யாணம், ஹெத்தையம்மன் பண்டிகை, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று வருடக்கணக்கில் சேர்ந்த படங்கள் எல்லாம் டிஸ்கில்தான் கிடக்கின்றன. திடீரென்று யாராவது வந்து "அப்பா தவறிட்டாருங்க, தங்கச்சி கல்யாணத்துல எடுத்த அவர் படம் ஒண்ணு இருக்குதுங்களா" என்று கேட்பார்கள். அவர்களிடம் போய் டிஸ்க் திறக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆகவே நான் இந்த சாஃப்ட்வேர்களை ஆர்வத்தில் பார்க்கிறவன் இல்லை, பயத்தில் பார்க்கிறவன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், தேயிலை ஏஜென்ட்டுகள், டியூஷன் நடத்துகிற அக்கா என்று ஆளாளுக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவதால் பல தினுசு கம்ப்யூட்டர்களில் இவற்றை ஓட்டிப் பார்க்க வாய்ப்பும் கிடைக்கிறது.

இந்த விஷயத்தைப் பற்றி எங்கே படித்தாலும் சூடு, சூடு என்றுதான் இருக்கும். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது நியாயம்தான். சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரைக்குக் கீழே ஓடுகிற டிஸ்க் அம்பது டிகிரியைத் தொடும். எங்களுக்குக் கதை வேறு. தை மாதக் காலையில் கடையைத் திறந்து மெஷினைப் போட்டால் டிஸ்க் பதினொன்று, பன்னிரண்டு என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பச்சைத் தேயிலை வாங்குகிற ஒரு அண்ணா, அவர் கணக்கு மெஷினைக் காட்டி என்னிடம் கேட்டதே இதுதான்: "தம்பி, பன்னெண்டு டிகிரிதான் காட்டுது. ஐஸ் மாதிரி இருக்குது. இது எப்படிப் போகும்?"

"அண்ணா, சூட்டை விடுங்க. கீழ சி5னு ஒரு வரி இருக்குது பாருங்க, அது நேத்தைவிட ஏறியிருக்குது."

சி5 என்பது டிஸ்க் படிக்க முடியாமல் திணறுகிற இடங்களின் கணக்கு. அந்த எண் முதலில் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. மாரியம்மன் பண்டிகை வருவதற்குள் மூன்று இலக்கம். கணக்கை எல்லாம் வேறு டிஸ்குக்கு எடுத்த பிறகு, ஒரு நாள் அது விண்டோஸுக்கே போகாமல் நின்றது. கடைசி வரைக்கும் டெம்பரேச்சர் என்னவோ இருபதைத் தாண்டவில்லை.

இது ஏதோ எங்கள் ஊர் அதிசயம் என்று நினைக்க வேண்டாம். கூகுள் ஆட்கள் 2007ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டார்கள். சூடு ஏற ஏற டிஸ்க் சாகும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் கண்டதோ, சூட்டுக்கும் சாவுக்கும் நினைத்த அளவு உறவில்லை, மிகக் குறைந்த சூட்டில் ஓடிய டிஸ்குகளில்தான் பழுது கூடுதலாகவே தெரிந்தது, மிக அதிகச் சூட்டில்தான் கணக்கு கொஞ்சம் திரும்புகிறது என்பது. அவர்கள் டேட்டா சென்டரையும் நம் கடையையும் ஒன்றாக வைக்க முடியாது, குளிர் டிஸ்கைக் கொல்லும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் டெம்பரேச்சர் குறைவாக இருப்பதை ஆரோக்கியச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அது போதும். சாதாரண டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் போடுகிற வேலை செய்யும் வரம்பே பூஜ்யம் அல்லது ஐந்து டிகிரியில்தான் தொடங்குகிறது. ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் காலையில் பூட்டிய அறை அந்த வரம்பை உரசிக்கொண்டுதான் இருக்கும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்ட் டிஸ்கில் படிக்கிற, எழுதுகிற தலை சுழலும் தட்டைத் தொடாமல் காற்றின் மேல்தான் மிதக்கிறது, காற்று மெலிந்தால் அது தாழும். அதனால்தான் டிஸ்குகளுக்கு உயர வரம்பும் உண்டு, பெரும்பாலும் மூவாயிரம் மீட்டர் வாக்கில். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், ஆகவே இந்தக் கவலை நீலகிரியில் யாருக்கும் வேண்டாம். ஆனால் ஊட்டி இருக்கிற 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளுகிற காற்றில் சத்து கம்மி. குளிர் ஊர்தானே, சிபியு தானாகக் குளிர்ந்துவிடும் என்பது பாதிதான் உண்மை.

சரி, சாஃப்ட்வேருக்கு வருவோம். முதலில் சூடு பார்ப்பவை.

பலரும் முதலில் போடுவது ஹெச்டபிள்யூமானிட்டர். சிபியு-இசட் செய்கிற அதே ஆட்களுடையது. திறந்தால் ஒரே பக்கம், தற்போதைய அளவு, குறைந்தது, அதிகபட்சம் என்று மூன்று பத்தி, அவ்வளவுதான். புரிந்துகொள்ள எளிது, சின்னது. சிக்கல் என்னவென்றால் மதர்போர்டில் எதிலும் இணைக்காத சென்சார் முனைகளையும் படித்துக் காட்டிவிடும். 127 டிகிரி என்று ஒன்று, மைனஸ் 55 என்று ஒன்று. 127ஐப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு ஓடி வருபவர்கள் உண்டு. மைனஸ் 55 காட்டினால் மட்டும், நம்ம ஊர் குளிருக்கு இருக்கும் என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். இரண்டுமே குப்பை, ஒதுக்கிவிடுங்கள். வேறு எதுவும் தெரியாதவருக்கு ஒரு தடவை பார்க்க இது போதும், தினமும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

கோர் டெம்ப் இன்னும் சின்னது, சிபியுவை மட்டும் பார்க்கும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு கோரின் சூடும் எண்ணாக நிற்கும், கண்ணுக்கு நன்றாக இருக்கும். நிறுவும்போது டிக் பெட்டிகளைப் படித்துப் பார்த்து வேண்டாததை எடுத்துவிடுங்கள். குளிர் ஊர்க்காரர்கள் இதில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்டெல் சிப்பில் இருக்கும் சென்சார், உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் அளக்கிறது, சாஃப்ட்வேர் அதை நூறிலிருந்தோ வேறு எந்த உச்சமோ அதிலிருந்தோ கழித்துக் காட்டுகிறது. வரம்புக்குப் பக்கத்தில் துல்லியம், கீழே வர வர அது உளறும். அறையே பத்து டிகிரியில் இருக்கும்போது சிபியு நான்கு என்று காட்டினால் அதிசயப்படாதீர்கள், காற்றை ஊதிக் குளிர்விக்கிற எந்தப் பொருளும் அந்தக் காற்றைவிடக் குளிர்ந்துவிட முடியாது.

ஸ்பீடுஃபேனை இன்னும் சிபாரிசு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் ராஜா. பல வருடமாகப் புதுப் பதிப்பே இல்லை, புது போர்டுகளை அதற்குத் தெரியாது. விட்டுவிடுங்கள். ஓப்பன் ஹார்டுவேர் மானிட்டரும் அப்படித் தேங்கியதுதான், அதிலிருந்து கிளைத்த லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் உயிரோடு இருக்கிறது, மூலநிரல் திறந்தது, கடையில் வைத்துக்கொள்ளவும் தடையில்லை. ஆனால் 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் இந்த வகையறாக்களை வைரஸைப் பிடிப்பது போலப் பிடிக்கத் தொடங்கியது. காரணம், இவை சென்சாரைப் படிக்கப் பயன்படுத்திய வின்ரிங்0 என்ற டிரைவரில் பழைய பாதுகாப்பு ஓட்டை. எச்சரிக்கை பொய்யில்லை, அந்த டிரைவர் வழியாக வேறு கெட்ட நிரல் உள்ளே புக முடியும். பிறகு பான்ஐஓ என்ற வேறு டிரைவருக்கு மாறினார்கள். ஆகவே பென்டிரைவில் வைத்திருக்கிற பழைய காப்பியைப் போட்டுவிட்டு, டிஃபெண்டர் கத்தினால் அதை அணைத்து வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். புதுப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது ஹெச்டபிள்யூஇன்ஃபோ. முதல் முறை திறப்பவருக்குத் தலை சுற்றும், நூற்றுக்கணக்கான வரிகள், எது எதற்கென்றே தெரியாது. திறக்கும்போது சென்சார்ஸ்-ஒன்லி என்ற பெட்டியை டிக் செய்துவிடுங்கள், அப்புறம் வேண்டாத வரிகளை வலது கிளிக்கில் மறைத்துவிடுங்கள், கடைசியில் பத்துப் பன்னிரண்டு வரி மிஞ்சும். அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது சூட்டின் எண் கூட இல்லை, தெர்மல் த்ராட்லிங் என்ற வரி. சூடு தாங்காமல் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டதா என்று ஆம், இல்லை என்று சொல்லிவிடும். இதை மற்றவை இவ்வளவு நேராகச் சொல்வதில்லை.

ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸ் மெஷின் அப்படித்தான் வந்தது. அறை பதினான்கு டிகிரி, ஆட்கள் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், சிபியு 98ல் நிற்கிறது, த்ராட்லிங் வரியில் ஆம். மூடியைக் கழற்றினால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் தேயிலைப் பஞ்சும் தூளும் கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஊதித் துடைத்து, சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றியதும் எழுபதுக்குக் கீழே வந்துவிட்டது. ஃபேக்டரிக்குள்ளேயே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது மூடியைத் திறக்க வேண்டும், எந்தக் குளிரும் இந்தப் பஞ்சைத் தாண்டி உதவாது.

எண்களைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: புது சிப்புகள் சூட்டோடு வாழவே செய்யப்பட்டவை. ரைசன் 7000 வரிசையின் பெரிய சிப்புகள் முழு வேலையில் 95 டிகிரி வரைக்கும் போவது வடிவமைப்பிலேயே உள்ளது. லேப்டாப் இன்டெல்களில் பலவற்றுக்கு நூறுதான் வரம்பு, ரெண்டர் போடும்போது தொண்ணூறு காட்டினால் அது சாதாரணம். சும்மா இருக்கும்போதே எழுபது, எண்பது என்றால்தான் ஏதோ கோளாறு.

ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் இன்னும் இரண்டு நல்ல விஷயம். ஒன்று, எல்லாவற்றையும் கோப்பாக எழுதி வைக்கும். ஆல்பம் எக்ஸ்போர்ட் நடுவில் மெஷின் அணைந்தால், அணைவதற்கு முந்தைய நொடி வரைக்கும் என்ன நடந்தது என்று அப்புறம் எக்ஸலில் திறந்து பார்த்துக்கொள்ளலாம். இரண்டு, ஒரு அளவுக்கு மேலே போனால் மட்டுமில்லை, கீழே போனாலும் எச்சரிக்க வைக்கலாம். மற்றவர்களுக்கு இது எதற்கு என்று தோன்றும், டிஸ்க் ஐந்துக்குக் கீழே இறங்கும் ஊரில் இருப்பவனுக்குத் தெரியும் அருமை. ஆனால் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும், தொழிலுக்கு என்றால் புரோ வாங்க வேண்டும். கடைக்காரர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் போவதுதான் வழக்கம், ஒரு ஆள் உழைத்துச் செய்கிற பொருளுக்கு அது சரியில்லை.

இப்போது டிஸ்க். நமக்கு இதுதான் முக்கியம்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ஜப்பான்காரர் ஒருவர் செய்வது. இலவசம், உரிமமும் தாராளம், கடையிலும் போட்டுக்கொள்ளலாம். இதில் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் பெண்கள் படம் போட்ட பதிப்புகளும் இருக்கும், கடையில் வைக்கக் கூச்சமாக இருந்தால் சாதாரணப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், வேலை எல்லாம் ஒன்றுதான். திறந்ததும் நீலப் பெட்டியில் குட் என்று இருந்தால் நலம், மஞ்சளில் காஷன் என்றால் சந்தேகம், சிவப்பில் பேட் என்றால் மூட்டை கட்டுங்கள். இந்த நிறத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கீழே இருக்கும் பட்டியலையும் படிக்கக் கற்றுக்கொண்டால் இது பத்து மடங்கு உதவும்.

அதற்கு முன் ஒரு அமைப்பை மாற்ற வேண்டும். பட்டியலின் கடைசிப் பத்தியில் வரும் எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருக்கும், 10 என்று தெரிவது உண்மையில் 16. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதில் ரா வேல்யூஸ் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிவிடுங்கள். இதை ஏன் முதலிலேயே அப்படி வைக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் விளங்காத மர்மம்.

05 என்ற வரி, டிஸ்க் கெட்டுப்போன இடங்களைக் கைவிட்டுவிட்டுக் கையிருப்பு இடத்துக்கு எத்தனை முறை மாற்றியது என்ற கணக்கு. ஒன்றிரண்டு வந்து வருடக்கணக்கில் அப்படியே நின்றால் அந்த டிஸ்கை முக்கியமில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். சி5 என்பது படிக்க முடியாமல் திணறி, பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்த இடங்கள். அந்த இடத்தில் மறுபடி எழுதும்போது சரியாகிவிட்டால் எண் இறங்கும், சரியாகாவிட்டால் 05க்குப் போய்ச் சேரும். சி5 ஏறிக்கொண்டே போகிறது என்றால் அங்கே இருக்கும் கோப்பு இப்போதே திறக்காது என்றுதான் அர்த்தம். சி6 சரி செய்யவே முடியாதவை. இந்த மூன்றில் எது பூஜ்யத்தைத் தாண்டினாலும் இந்த சாஃப்ட்வேர் மஞ்சளுக்குப் போய்விடும். விண்டோஸும் பயாஸும் தயாரிப்பாளர் வைத்த எல்லையை எண் தாண்டினால்தான் வாயைத் திறக்கும், பெரும்பாலும் அதற்குள் வேலை முடிந்திருக்கும். கிரிஸ்டலை நான் முதலில் வைப்பதற்குக் காரணமே இந்த அவசரக் குணம்தான். அந்தக் கூகுள் ஆய்விலும், டிஸ்க் தன்னைத் தானே வருடிப் பார்க்கும்போது முதல் பிழை வந்துவிட்டால், பிழை வராத டிஸ்கைவிட அடுத்த 60 நாளில் அது சாக 39 மடங்கு வாய்ப்பு என்று கண்டார்கள்.

சி7 வேறு ஜாதி. அது டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவில், கேபிளில் வருகிற பிழை. எங்கள் ஊரில் இது அடிக்கடி ஏறும், மூடுபனி ஈரத்தில் சாட்டா கேபிளின் முனைகள் களிம்பேறிவிடுகின்றன. கேபிளை மாற்றுங்கள், எண் அதற்கப்புறம் ஏறவில்லை என்றால் டிஸ்க் நலம். அந்த எண் இறங்கவே இறங்காது, அதைப் பார்த்துக்கொண்டு டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே போல சீகேட் டிஸ்குகளில் 01, 07 வரிகளில் கோடிக்கணக்கில் எண் நிற்கும். பிழை எண்ணிக்கையையும் செய்த மொத்த வேலையின் எண்ணிக்கையையும் ஒரே எண்ணுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்துப் புது டிஸ்கைத் திருப்பிக் கொடுக்க பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், டிக்கெட் காசு மிச்சம் பண்ணுங்கள்.

மலையில் நான் தனியாகக் கவனிக்கிற வரி சி0, எஸ்எஸ்டி என்றால் அன்சேஃப் ஷட்டவுன்ஸ். முறையாக அணைக்காமல் கரண்ட் போய் நின்ற தடவைகள். ஆனி, ஆடியில் காற்று எழுந்தால் எங்காவது மரம் கம்பி மேல் சாயும், ஐப்பசியில் இந்தப் பக்கம் மழை. பைக்காராவில் 1932லிருந்து மின்சாரம் எடுக்கிற மாவட்டம் இது, குந்தாவில் அதைவிடப் பெரியது இருக்கிறது, ஆனாலும் விளக்கு அணைவது அணைந்துகொண்டுதான் இருக்கிறது. யூபிஎஸ் இல்லாத மெஷினைத் திறந்து பார்த்தால் மொத்தம் ஆன் செய்த தடவைகளில் ஒரு பெரிய பங்கு இப்படி முறையில்லாமல் நின்றதாகத்தான் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சி5 ஏறுவதற்கு அதுவே ஒரு காரணம். யூபிஎஸ் வைத்திருப்பவர்களும் ஒன்று நினைவில் வையுங்கள், குளிரில் ஈய பேட்டரி தன் முழு அளவைக் கொடுக்காது, கோவையில் இருபது நிமிடம் நின்றது இங்கே அவ்வளவு நிற்காது.

டிஸ்க் வாங்கும்போதும் இந்த சாஃப்ட்வேர் கைகொடுக்கும். மலைக்குக் கீழே ஒரு கடையில் புதிது என்று சீல் போட்ட கவரில் கொடுத்ததை வந்து மாட்டிப் பார்த்தால் 09 வரியில், அதாவது ஓடிய மணிநேரத்தில், ஆயிரக்கணக்கில் நின்றது. படம் எடுத்து அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் போக வர ஒரு நாள் போச்சு. விவரமான திருடர்கள் அந்த எண்ணையும் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். 2025 தொடக்கத்தில் ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்குகளை ஐரோப்பாவில் புதிது என்று யாரோ விற்றது அப்படித்தான். டிஸ்குக்குள் ஃபார்ம் என்று இன்னொரு பதிவேடு இருந்தது, அதை அழிக்க மறந்துவிட்டார்கள், குட்டு வெளிப்பட்டது. அந்தப் பதிவேட்டை ஸ்மார்ட்மான்டூல்ஸின் புதிய பதிப்புகளில் பார்க்கலாம்.

ஸ்மார்ட்மான்டூல்ஸ் கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிற சமாச்சாரம். பயமாக இருந்தால் ஜிஸ்மார்ட்கன்ட்ரோல் என்ற முகப்பு இருக்கிறது, விண்டோஸிலும் ஓடும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் இல்லாத ஒன்று இதில் உண்டு, டிஸ்கையே முழுதாகத் தன்னைச் சோதித்துக்கொள்ளச் சொல்லும் நீண்ட சோதனை. பழைய டிஸ்கை மறுபடி பயன்படுத்தலாமா என்று முடிவு செய்ய எனக்கு இதுதான் கடைசி வார்த்தை.

ஹார்ட் டிஸ்க் சென்டினலுக்குக் காசு கொடுத்தது வீண் போகவில்லை. டிஸ்கின் நலத்தைச் சதவீதமாகக் காட்டி, அதற்குக் கீழே என்ன பிரச்சினை, என்ன செய்யலாம் என்று முழு வாக்கியமாக எழுதியிருக்கும், எண் படிக்கத் தெரியாத ஆளும் புரிந்துகொள்வார். எந்த நாளில் எந்த எண் ஏறியது என்று தேதியோடு பதிவேடு வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய லாபம். இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று ஒரு ஜோசியமும் சொல்லும், நல்ல டிஸ்குக்கு ஆயிரம் நாளுக்கு மேல் என்று போடும். அந்த வரியை மட்டும் நான் படிப்பதில்லை. ஒரே ஒரு லேப்டாப் வைத்திருப்பவருக்கு இது அவசியமில்லை, அந்தக் காசில் பேக்கப்புக்கு ஒரு டிஸ்க் வாங்கலாம்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்குப் பட்டியல் சின்னது. எத்தனை சதவீதம் ஆயுள் தீர்ந்தது, கையிருப்பு எவ்வளவு பாக்கி, மீடியா எர்ரர்ஸ் பூஜ்யமா என்று பார்த்தால் முடிந்தது. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தில் போனாலே என்விஎம்இ என்ற வேகமான வகை டிரைவுகளுக்கு முதல் இரண்டையும் காட்டும், மீடியா எர்ரர்ஸ் பார்க்கத்தான் கிரிஸ்டல் வேண்டும். தயாரிப்பாளரின் சொந்த சாஃப்ட்வேரையும் ஒரு முறை போட்டு, ஃபர்ம்வேருக்கு, அதாவது டிரைவுக்குள்ளேயே ஓடும் நிரலுக்கு, புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2023ல் சாம்சங் 990 புரோ டிரைவுகளில் ஆயுள் சதவீதம் மளமளவென்று இறங்கியது, அது ஃபர்ம்வேர் மாற்றித்தான் நின்றது. எஸ்எஸ்டி சாகும்போது சொல்லிவிட்டுச் சாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம், நூறு சதவீதம் காட்டிக்கொண்டே அடுத்த நாள் கண்ணில் படாமல் போகும்.

வெளியில் மாட்டுகிற யுஎஸ்பி டிஸ்குகளில் ஒரு தொல்லை. பெட்டிக்குள் இருக்கும் சிப் அனுமதித்தால்தான் இந்த விவரம் எதுவும் வெளியே வரும். மலிவான பெட்டியில் டிஸ்கே பட்டியலில் வராது. பெட்டி வாங்கும்போதே மாட்டி, கிரிஸ்டலில் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எந்த சாஃப்ட்வேரும் காட்டாதது ஈரம். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த டிஸ்கை ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியில் படிவது போல அதன் போர்டிலும் நீர் படியும். உறைபனிக் காலையில் ஜீப்பில் கிடந்த வெளி டிஸ்கை வந்த உடனே மாட்டாதீர்கள், பையோடு ஒரு மணி நேரம் கிடக்கட்டும். கேமரா லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்கக் கூடாது என்று பல்பு போட்ட பெட்டி வைத்திருக்கிறோம் இல்லையா, பேக்கப் டிஸ்குக்கும் அதிலேயே ஒரு தட்டு ஒதுக்கிவிட்டேன். அப்புறம், கூகுள் ஆய்வில் செத்துப்போன டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், சூட்டைத் தவிர வேறு எந்த அறிகுறியும் பதிவாகாமலே செத்தவை. இவ்வளவு சாஃப்ட்வேரையும் போட்டுக்கொண்டு பேக்கப் எடுக்காதவரிடம் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

கிரிஸ்டலை எப்படி அமைப்பது என்று கேட்பவர்களுக்கு: ஃபங்ஷன் மெனுவில் ரெசிடென்ட், ஸ்டார்ட்அப் இரண்டையும் டிக் செய்யுங்கள், எச்சரிக்கை ஒலியை வையுங்கள், மெயில் வசதியும் இருக்கிறது, கடையை விட்டு வெளியே அலைகிறவர்களுக்கு உதவும். ஸ்மார்ட்மான்டூல்ஸில் நான் சொன்ன நீண்ட சோதனையை மாதம் ஒரு முறை ஓட்டலாம், பெரிய டிஸ்குக்குப் பல மணி நேரம் ஆகும். கீழ் நாட்டில் இருப்பவர்கள் இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகச் சொல்வார்கள். ஆடி மாதம் இங்கே அப்படிப் போட்டால் விடிவதற்குள் கரண்ட் போய்ப் பாதியில் நிற்கும், காலையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, கடையில் ஆள் இருக்கும்போதே போடுங்கள்.